ஆறு தெளியும் நாள்: இளவேனிற்கால ட்ரவுட், ஸ்டீல்ஹெட் மீன்பிடி – வாசகர் கேள்வி பதில்

ரொறன்ரோவிலிருந்து போர்ட் ஹோப் வரை ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் வந்து விழும் சிற்றாறுகளில் மீன்பிடிப்பது குறித்து இம்முறை பல கடிதங்கள் வந்துள்ளன. பெரும்பாலானவை ஃப்ளை ஃபிஷிங்கை, அதாவது பூச்சிபோல் மயிரும் இறகும் கட்டிய ‘ஃப்ளை’ என்ற முள்ளால் மீன்பிடிப்பதை, அண்மையில் தொடங்கியவர்கள் எழுதியவை. ஒரே பொருளில் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சென்ற ஆண்டு பருவம் திறந்த சனிக்கிழமை, விடியும் முன்பே டஃபின்ஸ் ஓடைக்குப் போய்விட்டேன். நீர் பால் தேநீரின் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கரை நிறைய ஆட்கள் நின்றார்கள். நான் நின்ற இடத்தில் ஒருவருக்கும் மீன் அகப்படவில்லை. வேலைக்குப் போகிறவனுக்குக் கிடைப்பதே ஒன்றிரண்டு நாட்கள்தான். நல்ல நாளை முன்கூட்டியே அறிய வழி உண்டா? – வாசகர், ஏஜாக்ஸ்

பதில்: உண்டு. பருவம் திறக்கும் நாளைச் சட்டம் தீர்மானிக்கிறது. மீன் இரையெடுக்கும் நாளை நீரின் மட்டம், தெளிவு, வெப்பநிலை ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. இந்த மூன்றையும் வீட்டிலிருந்தே ஓரளவு கணித்துவிடலாம்.

முதலில் மட்டம். நம்முடைய ஓடைகள் நீளம் குறைந்தவை. ஓக் ரிட்ஜஸ் மொறெயின் என்று சொல்லப்படும், மணலும் பருக்கைக் கல்லும் கலந்த, ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீளமான மேட்டு நிலத்தில் ஊற்றெடுத்து, தெற்கு நோக்கி இறங்கி ஏரியில் கலந்துவிடுகின்றன. ஆகையால் ஒரு நாள் மழை பெய்தாலும், வெயில் ஏறி மிச்சப் பனி ஒரேயடியாக உருகினாலும், ஓடை உடனே பொங்கும். மழை விட்டதும் விரைவாக வடியவும் செய்யும். நீர் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் சருகும் சுள்ளியும் சேறும் சேர்ந்து வருவதால், மீன் கரையோரத்தில் ஒதுங்கிக் கிடக்கும்; நீங்கள் அனுப்பும் ஃப்ளை அதன் கண்ணில் படவே படாது. அந்த நீர் வடியத் தொடங்குவதுதான் நாம் காத்திருக்க வேண்டிய தருணம். முகத்துவாரத்தில் காத்துக்கிடந்த ஸ்டீல்ஹெட் மீன்கள் (ஏரியில் வளர்ந்து, முட்டையிட ஆறேறி வரும் ட்ரவுட்) அந்த வெள்ளத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறியிருக்கும். நீர் தெளியத் தெளிய மடுக்களில் தங்கி இளைப்பாறும். ஒரு பெருமழைக்குப் பின் இரண்டாவது நாளிலிருந்து நான்காவது நாள் வரை உள்ள இடைவெளியையே நான் குறித்து வைத்துக்கொள்வது வழக்கம்.

இரண்டாவது தெளிவு. முழங்கால் அளவு நீரில் நின்று குனிந்து உங்கள் பாதணியைப் பாருங்கள். அதன் முனை மங்கலாகத் தெரிந்து, நீரும் சற்றே பச்சை சாய்ந்திருந்தால், அதைவிட நல்ல நீர் அமைவது அரிது: மீன் இரையைக் காணும், உங்களைக் காணாது. பாதணி சிறிதும் தெரியவில்லை என்றால், அங்கே நின்று மாய்வதைவிட, ஓடையின் மேற்பகுதிக்கு வண்டியை ஓட்டிச் சென்று பார்ப்பது மேல். இடுப்பளவு ஆழத்திலும் கற்களை ஒவ்வொன்றாக எண்ணலாம் என்ற அளவுக்கு நீர் வற்றித் தெளிந்திருந்தால், விடியலிலும் அந்தியிலும் மட்டும் முயலுங்கள். நூலை மெலிதாக்கி, குனிந்து, மெல்ல நடந்து கரையை நெருங்குங்கள்.

எல்லா ஓடைகளும் ஒரே வேகத்தில் தெளிவதில்லை. ரூஜ், டஃபின்ஸ் போன்றவற்றின் கீழ்ப்பகுதிகள் வீதிகளுக்கும் வீட்டுக் கூரைகளுக்கும் நடுவே ஓடுவதால், மழைநீர் நேராக ஓடைக்குள் பாய்ந்து கலங்கிவிடுகிறது. போர்ட் ஹோப்பில் ஏரியைச் சேரும் கனராஸ்கா ஆற்றின் கதை வேறு. காட்டை வெட்டித் தீர்த்ததால் அதன் மேற்பகுதி ஒரு காலத்தில் மணல் பறக்கும் தரிசாகக் கிடந்தது. 1944ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வறிக்கை அந்த நிலத்தை மீட்க வழி சொன்னது. அதன்பின் மரம் நடத் தொடங்கினார்கள். இன்று அங்கே ஏறத்தாழ 11,000 ஏக்கர் பரப்பில் காடு நிற்கிறது. காட்டுத் தரை மழையை உறிஞ்சி, நிலத்தடி நீராக்கி, ஊற்றுகளின் வழியே மெல்ல மெல்ல ஆற்றுக்குத் தருகிறது. ஊற்று நீர் கோடையில் குளிர்ச்சியாகவும் மாரியில் உறையாமலும் இருப்பதால் ட்ரவுட் குஞ்சுகள் அங்கே பிழைக்கின்றன. எண்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ ஊன்றிய கன்றுகளின் பயனையே நாம் தூண்டிலில் உணர்கிறோம் என்று அந்த ஆற்றில் இறங்கும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்வேன்.

மூன்றாவது வெப்பநிலை. என் கணக்கில் இதுவே முதன்மையானது. நீரின் சூடே மீனின் உடற்சூடு என்பதால், நீர் 4 பாகை செல்சியஸுக்குக் கீழே இருக்கும்போது அது அசைவைக் குறைத்துக்கொண்டு ஆழமான, மெதுவான மடுவில் அடியோடு அடியாகக் கிடக்கும். இரை மூக்கில் வந்து உரசினால்தான் வாயைத் திறக்கும். 5, 6 பாகையில் விழித்துக்கொள்கிறது. 7 முதல் 12 பாகை வரை அது ஓட்டத்துக்குள் நகர்ந்து வந்து, எட்டி இரையெடுக்கும். ஏப்ரலில் மேகமற்ற இரவுக்குப் பின் விடியலில் 3 பாகையில் இருக்கும் நீர், வெயில் விழுந்தால் பிற்பகலில் 7 பாகையைத் தொட்டுவிடும். விடியற்காலையில் போனவர்கள் சலித்துப்போய் வீடு திரும்பும் வேளையில்தான் மீன் இரையெடுக்கத் தொடங்குகிறது. நீங்கள் அடுத்த முறை காலை உணவை வீட்டில் ஆறுதலாக உண்டுவிட்டு, பதினொரு மணிக்கு ஓடையில் இறங்குமாறு புறப்படுங்கள்.

முன்கூட்டியே அறிவதற்கு இரண்டு வழிகள் கைவசம் இருக்கின்றன. கனடிய மத்திய அரசின் நீரளவீட்டு நிலையங்கள் பல ஆறுகளின் மட்டத்தையும் ஓட்டத்தையும் இணையத்தில் உடனுக்குடன் வரைபடமாகக் காட்டுகின்றன. அதில் வரும் எண்ணைக் காட்டிலும் கோட்டின் போக்கே முக்கியம்: ஏறுகிறதா, வடிகிறதா, தட்டையாகக் கிடக்கிறதா என்று பாருங்கள். உங்களுக்கு மீன் அகப்பட்ட நாளில் அந்த எண் என்னவாக இருந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். இரண்டு பருவங்களில் உங்கள் ஓடைக்கென்று ஓர் அளவுகோல் கிடைத்துவிடும். இரண்டாவதாக, அந்தந்தப் பகுதியின் நீர்ப்படுகைப் பாதுகாப்புச் சபைகள் வெளியிடும் வெள்ள அறிவித்தல்களைப் பாருங்கள். அறிவித்தல் நடைமுறையில் இருக்கும் நாளில் ஓடைப் பக்கம் போகவே வேண்டாம்.

கேள்வி: நான் நுவரெலியாவில் வளர்ந்தவன். ஹோட்டன் சமவெளி ஓடைகளில் ரெயின்போ ட்ரவுட் உண்டு என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். இங்கே சிலர் ஸ்டீல்ஹெட் என்கிறார்கள், சிலர் அதே மீனை ரெயின்போ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா? – வாசகர், ஸ்காபரோ

பதில்: ஒரே இனம்தான்; வாழும் முறை வேறு. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட இந்த மீன், ஓடையிலேயே பிறந்து ஓடையிலேயே முதிர்ந்தால் அதை ரெயின்போ ட்ரவுட் என்கிறோம். ஓடையில் பிறந்து, ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் அங்கே கழித்து, பின்னர் பெருநீருக்குச் சென்று கொழுத்து, முட்டையிடுவதற்காகத் திரும்பி வந்தால் அதுவே ஸ்டீல்ஹெட். பசிபிக் கரையில் அந்தப் பெருநீர் கடல், இங்கே ஏரி. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேரேரிகளுக்குக் கொண்டுவந்து விடப்பட்ட இவை, ஏரியையே கடலாகக் கொண்டு, தம் பழைய வழக்கப்படி ஆற்றுக்கும் ஏரிக்குமாகப் போய்வரத் தொடங்கின. ஏறத்தாழ அதே காலத்தில்தான் பிரித்தானியர் இலங்கையின் மலைநாட்டுக்கும் ட்ரவுட்டைக் கொண்டுசென்றனர். ஹோட்டன் சமவெளி மீனுக்குப் போய்வர ஏரியோ கடலோ எட்டும் தொலைவில் இல்லாததால் அது ஓடை மீனாகவே சிறுத்து நிற்கிறது. நீங்கள் சிறுவயதில் கண்டதும் இங்கே காண்பதும் உறவுக்காரர்கள்.

பசிபிக் சால்மன் மீன்கள் முட்டையிட்டதும் இறந்துவிடுகின்றன. ஸ்டீல்ஹெட் அப்படி இறப்பதில்லை. பிழைத்து ஏரிக்குத் திரும்பி, அடுத்த ஆண்டும் வரக்கூடியது. இன்னொரு செய்தியையும் மனத்தில் கொள்ளுங்கள்: மே மாதத்தில் டஃபின்ஸ், வில்மட் ஓடைகளில் விரல் நீளத்தில், பக்கவாட்டில் கரிய நீள்வட்டத் தழும்புகளோடு தூண்டிலில் வரும் “சின்ன ட்ரவுட்” பெரும்பாலும் ஸ்டீல்ஹெட்டின் குஞ்சே. ஈரக் கையால் பிடித்து உடனே விட்டுவிடுங்கள்.

கேள்வி: எந்த நாளிலிருந்து பிடிக்கலாம்? அனுமதிப்பத்திரம் யாருக்கு வேண்டும்? 70 வயதான என் தந்தையாரையும் அழைத்துச் செல்ல விரும்புகிறேன். – வாசகி, விற்பி

பதில்: தென் ஒன்ராறியோவின் பெரும்பாலான ஓடைகளில் ட்ரவுட் பருவம் ஏப்ரல் மாதத்தின் நான்காவது சனிக்கிழமை திறக்கிறது. சில ஆறுகளின் கீழ்ப்பகுதிகள் அதற்கு முன்பும் திறந்திருக்கும்; சில பகுதிகள் மீன் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, பருவம் திறந்த பின்பும் மூடியிருக்கும். ஒரே ஆற்றில் ஒரு பாலத்துக்குக் கீழே ஒரு விதியும் மேலே வேறு விதியும் இருப்பதால், மாகாண அரசு ஆண்டுதோறும் வெளியிடும் மீன்பிடி விதித்தொகுப்பில் உங்கள் ஓடையின் பெயரைத் தேடி, அந்தப் பத்தியை முழுவதுமாக வாசித்த பின்னரே புறப்படுங்கள்.

18 வயது முதல் 64 வயது வரை உள்ளவர்கள் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும். கனடாவில் வசிக்கும் உங்கள் தந்தையாருக்கு அது தேவையில்லை. வயதைக் காட்டும் அரச அடையாள அட்டை ஒன்று அவரிடம் இருந்தால் போதும். பிடித்து வைத்துக்கொள்ளக்கூடிய மீன்களின் எண்ணிக்கை முதலிய ஏனைய விதிகள் அவருக்கும் பொருந்தும். தனியார் நிலத்தைக் கடந்து போவதானால் கேட்டுவிட்டுப் போங்கள். மரத்திலோ வேலிக்கம்பத்திலோ சிவப்புக் குறி பூசியிருந்தால் அந்த நிலத்தினுள் நுழையக்கூடாது என்பது இம்மாகாணத்தில் அதற்குரிய பொருள்.

தந்தையார் நெடுநேரம் நிற்க முடியாதவர் என்றால், ஏப்ரல் மாதத்தில் அவரைப் போர்ட் ஹோப்பில் உள்ள கோர்பெட் அணைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்கே மீன்பிடிக்க முடியாது. ஆனால் ஸ்டீல்ஹெட் மீன்கள் அணையை நோக்கித் துள்ளுவதையும், அருகில் அமைத்திருக்கும் மீன்படியின் வழியே மேலேறுவதையும் கரையிலிருந்தே காணலாம். மீனின் ஓட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளவும் அதைவிடச் சிறந்த இடம் இப்பகுதியில் இல்லை.

கேள்வி: ஊரில் தங்கூசியும் முள்ளும் கொண்டு பாலத்தின் மேலிருந்து மீன்பிடித்த அனுபவம் மட்டுமே எனக்கு உண்டு. ஃப்ளை ஃபிஷிங் முறையில் ஸ்டீல்ஹெட் பிடிக்க என்ன வாங்க வேண்டும், எப்படிப் போட வேண்டும்? – வாசகர், மார்க்கம்

பதில்: பாலத்தின் மேலிருந்து மீன்பிடித்தவருக்கு நீரைப் பார்க்கும் கண் ஏற்கெனவே இருக்கும், மாறுவது கருவிதான். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை நூலை இழுத்துச் செல்கிறது. இங்கே நூலே எடையுள்ளது. மயிரும் இறகும் கட்டிய, எடையே இல்லாத முள்ளை அந்த நூல் சுமந்து செல்கிறது. அதனால் கோலும் நூலும் ஒரே எண்ணில் பொருந்த வேண்டும். ஸ்டீல்ஹெட்டுக்கு 7 அல்லது 8ஆம் எண், ஓடை ட்ரவுட்டுக்கு 5ஆம் எண். நீளம் 9 முதல் 10 அடி. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 7ஆம் எண்ணை வாங்குங்கள். ஃப்ளையைக் கட்டும் கடைசி முழத்துக்கு உங்கள் பழைய நண்பனான தங்கூசிதான். கலங்கிய நீரில் 10 இறாத்தல், தெளிந்த நீரில் 6 இறாத்தல் தாங்குவது போதும்.

நம் ஓடைகளின் இரு கரையிலும் மரங்கள் நெருங்கி நிற்பதால், படங்களில் காண்பதுபோல் நூலைப் பின்னால் விசிறி எறிய இடம் கிடைக்காது. நூலைப் பின்னால் விடாமல், நீரின் மேலேயே சுருட்டி முன்னே உருளவிடும் எறிமுறையை முதலில் பழகுங்கள். புல்வெளியில் பழகினால் வராது. நீரின் பிடிப்பு அதற்குத் தேவை. ஏதாவதொரு குளக்கரையில் இரண்டு மாலை வேளைகள் செலவிட்டால் கைக்கு வந்துவிடும்.

ஃப்ளைகளில் ஐந்தாறு வகை போதும். ஏப்ரல் முழுவதும் ஆற்றில் மீன்முட்டைகள் உருண்டு வருவதால், செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, வெளிர்மஞ்சள் நிறங்களில் முட்டைபோல் கட்டிய ஃப்ளைகளை முதலில் வையுங்கள். அடுத்து, கல்லுக்கடியில் வாழும் ஸ்டோன்ஃப்ளை என்ற பூச்சியின் இளநிலை வடிவம், கறுப்பு நிறத்தில், 8 அல்லது 10ஆம் அளவு முள்ளில். பின்னர், ஹேர்ஸ் இயர், ஃபெசன்ட் டெயில் என்று கடைகளில் சொல்லும் மண்ணிற நிம்ஃப்கள் (நீருக்கடியில் வாழும் இளம்பூச்சிபோல் கட்டியவை), 12 முதல் 16ஆம் அளவு வரை. நீர் சற்றுக் கலங்கியிருக்கும் நாளுக்குக் வூலி பக்கர் என்ற, வாலுள்ள பெரிய கறுப்பு ஃப்ளை ஒன்று. நீர் கலங்கினால் பெரியதும் பளிச்சென்றதும், தெளிந்தால் சிறியதும் மங்கலானதும் என்று நினைவில் வைத்தால் தெரிவு எளிதாகும்.

ஆனால் ஃப்ளையைத் தெரிந்தெடுப்பதில் செலவிடும் நேரத்தில் பாதியையாவது ஆழத்தைச் சரிசெய்வதில் செலவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். குளிர்ந்த நீரில் மீன் தரையோடு கிடக்கிறது. உங்கள் ஃப்ளை இடையிடையே கல்லில் தட்டுப்படாவிட்டால் அது மீனின் தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். நூலில் மாட்டிய மிதவையை ஓர் அடி உயர்த்துங்கள், அல்லது சிறு எடையொன்றைச் சேருங்கள். ஆற்றின் மேற்பரப்பு அடியைவிட வேகமாக ஓடுவதால், மிதவை நீர்நுரையைவிடச் சற்று மெதுவாகப் போக வேண்டும். நுரையை முந்திக்கொண்டு போனால் ஃப்ளை இழுபடுகிறது. உடனே கோலின் நுனியால் நூலைத் தூக்கி மேலோட்டப் பக்கமாகப் போடுங்கள்.

எங்கே போடுவது என்றால், வேகமான நீரும் மெதுவான நீரும் உரசிக்கொள்ளும் கோட்டில். மீன் மெதுவான பக்கத்தில் நின்று, வேகமான பக்கம் கொண்டுவரும் இரையை எடுக்கிறது. மடுவுக்குள் நீர் விழும் தலைப்பகுதி, பெருங்கல்லின் பின்புறம், விழுந்து கிடக்கும் மரத்தின் ஓரம், மடு ஆழம் குறைந்து முடியும் இடம் ஆகியவற்றை வரிசையாகத் தேடுங்கள். ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு முறை ஒழுங்காக ஓடவிட்டும் பதில் இல்லையென்றால் இரண்டடி நகருங்கள். முள்ளின் நுனிக்குக் கீழே எதிர்ப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பல்லை இடுக்கியால் நசுக்கிவிட்டால், மீனை விடுவிப்பது எளிதாகும். உங்கள் விரலில் ஏறினாலும் எளிதில் வரும்.

கேள்வி: சென்ற மே மாதத் தொடக்கத்தில் என் மகன், முழங்காலளவு நீரில் இரண்டு பெரிய மீன்கள் ஒரே இடத்தில் அசைந்துகொண்டிருப்பதைக் கண்டு தூண்டிலைப் போட்டான். அவ்வழியே வந்த ஒருவர் கடுமையாக ஏசிவிட்டார். பருவம் திறந்திருந்தது, அனுமதியும் இருந்தது. அவன் செய்ததில் தவறென்ன? – வாசகி, பிக்கரிங்

பதில்: சிறுவனை ஏசியது சரியில்லை, அவர் அமைதியாக விளக்கியிருக்க வேண்டும். அவர் செய்யத் தவறியதை நான் செய்ய முயல்கிறேன்.

உங்கள் மகன் கண்டது முட்டையிடும் இணை. பெண் மீன் வாலால் கூழாங்கற்களை அடித்துக் கிளறிக் குழி பறிக்கிறது. முட்டையிட்டதும் அதன் மேற்புறத்தில் மறுபடி வாலடித்துக் கற்களால் மூடுகிறது. பாசி படிந்த கருமையான ஆற்றுத் தரையில், துடைத்துவிட்டதுபோல் வெளிறிய நீள்வட்டம் ஒன்று தெரிந்தால் அதுதான் முட்டைக்குழி. நீரின் வெப்பநிலைக்கேற்ப நான்கு முதல் ஏழு வாரங்கள் வரை முட்டைகள் அந்தக் கற்களுக்கிடையே கிடக்கின்றன. பொரித்த குஞ்சுகளும் மேலே வர இன்னும் சில வாரங்கள் ஆகும். அவ்வளவு காலமும் கற்களின் இடுக்குகளில் குளிர்ந்த தூய நீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதன்மேல் ஒருவர் நடந்தால், ஒரே காலடியில் எத்தனையோ முட்டைகள் நசுங்குகின்றன. குழியில் நிற்கும் மீனுக்கு இரையில் நாட்டமில்லை. அதைப் பிடிக்க முயல்பவர் பெரும்பாலும் அதன் உடலிலோ துடுப்பிலோ முள்ளை மாட்டிவிடுகிறார். வேண்டுமென்றே அவ்வாறு மாட்டுவது ஒன்ராறியோவில் சட்டப்படி குற்றம். தற்செயலாக மாட்டினாலும் உடனே விட்டுவிட வேண்டும்.

பருவம் திறந்திருக்கும்போது குழியில் நிற்கும் மீனை நோக்கித் தூண்டில் போடுவதைச் சட்டம் எல்லா இடத்திலும் தடுப்பதில்லை. இருந்தாலும் அதைச் செய்யக்கூடாது என்றே உறுதியாகச் சொல்வேன். ஆயிரக்கணக்கான முட்டைகளைச் சுமந்து, வெள்ளத்தை எதிர்த்து, அணைகளைத் தாண்டி வந்து சேர்ந்த தாயை அந்த இறுதி நேரத்தில் குலைப்பது எவ்வகையிலும் நியாயமாகாது. மகனிடம் மாற்று வழியையும் சொல்லுங்கள்: குழிக்குக் கீழே இருக்கும் முதல் ஆழமான மடுவில் முயலலாம். முட்டையிட்டு முடித்துப் பசியோடு ஏரிக்குத் திரும்பும் மீன்கள் அங்கே தங்குகின்றன. அவை தயங்காமல் இரையெடுக்கும்.

இந்தக் கரையில் ஒரு மீனை நாம் முழுமையாக இழந்திருக்கிறோம் என்பதையும் அவனுக்குத் தெரியப்படுத்துங்கள். ஒன்ராறியோ ஏரியில் அத்திலாந்திக் சால்மன் ஒரு காலத்தில் பெருங்கூட்டமாக வாழ்ந்தது. ஆலைகளுக்காக ஓடைகளை அணைகட்டி மறித்தார்கள். காட்டை வெட்டியதால் மண் சரிந்து முட்டைக்குழிகளை மூடியது. முட்டையிட வந்த மீனையே வலையாலும் ஈட்டியாலும் அள்ளினார்கள். நியூகாசில் ஊரில், தன் வீட்டருகே ஓடிய ஓடையில் சால்மன் குறைந்துவருவதைக் கண்ட சாமுவேல் வில்மட் என்பவர் 1866இல் அங்கேயே முட்டை பொரிப்பகம் ஒன்றைத் தொடங்கினார். கனடாவின் மிகப் பழைய மீன் பொரிப்பகங்களுள் அதுவும் ஒன்று. அந்த முயற்சியாலும் காப்பாற்ற முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த மீன் ஏரியிலிருந்து அற்றுப்போயிற்று. 2006இல் அதனைத் திரும்பக் கொண்டுவரும் முயற்சி கிரெடிட் ஆறு, டஃபின்ஸ் ஓடை, கோபர்க் ஓடை ஆகியவற்றில் தொடங்கியது. இன்று நாம் ஸ்டீல்ஹெட் பிடிக்கும் வில்மட் ஓடை, அவர் வாழ்ந்த அதே ஓடைதான்.

கேள்வி: பிடித்த ஸ்டீல்ஹெட்டைக் கறி வைக்கலாமா? – வாசகி, ஒஷாவா

பதில்: வைக்கலாம், அளவோடு. ஏரியில் வளர்ந்த பெரிய மீன்களின் உடலில் பாதரசமும் பிசிபி எனப்படும் வேதிப்பொருட்களும் சேர்ந்திருக்கும். மாகாண அரசு எந்த நீர்நிலையில், எந்த மீனை, எந்த நீளத்துக்கு, மாதம் எத்தனை முறை உண்ணலாம் என்று ஒரு வழிகாட்டி வெளியிடுகிறது. கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கும் 15 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அதில் தனி அளவு, அதுவும் குறைந்த அளவு, கொடுக்கப்பட்டுள்ளது. வீட்டில் எல்லோரும் ஒரே சட்டியில் உண்பவர்கள் நாம் என்பதால், குழந்தைகளுக்குரிய அளவையே முழுக் குடும்பத்துக்கும் கொள்ளுங்கள். பிசிபி கொழுப்பில் தங்குவதால் தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் முதுகோரக் கரிய சதையையும் நீக்கிவிட்டுச் சமைப்பது நல்லது. பாதரசம் சதையிலேயே இருப்பதால் வெட்டி நீக்க முடியாது. சினையைச் சமைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

சுவையைப் பொறுத்தவரை, ஏரியிலிருந்து அப்போதுதான் ஏறிய, வெள்ளிபோல் மின்னும் மீனின் சதை செந்நிறமாகவும் இறுக்கமாகவும் இருக்கும். முட்டையிட்டுக் கறுத்து மெலிந்த மீனின் சதை வெளிறித் தளர்ந்து, எவ்வளவு புளி விட்டாலும் தேறாது. அதை ஆற்றிலேயே விட்டுவிட்டால் அடுத்த ஆண்டு நல்ல மீனாகத் திரும்பி வரக்கூடும்.

கேள்வி: மே நடுப்பகுதியில் ஸ்டீல்ஹெட் ஏரிக்குத் திரும்பிவிடுகிறது. அதன் பின்னர் எங்கே போவது? – வாசகர், பிராம்ப்டன்

பதில்: உங்கள் வீட்டுக்கு வடமேற்கே, ஃபெர்கஸ் ஊர்ப் பக்கம் கிராண்ட் ஆற்றுக்குப் போங்கள். 1942இல் கட்டி முடித்த ஷாண்ட் அணையின் அடிமட்டத்திலிருந்து குளிர்ந்த நீர் வெளியேறுவதால், கீழே உள்ள பகுதி கோடையிலும் ட்ரவுட் வாழத் தக்கதாக இருக்கிறது. 1989 முதல் அங்கே பிரௌன் ட்ரவுட் குஞ்சுகளை விட்டு வருகிறார்கள். மே மாதத்தில் நீர் 10 பாகையைத் தாண்டிய பிற்பகல்களில் ஹென்ட்ரிக்சன் என்ற மேஃப்ளை பூச்சிகள் நீர்மட்டத்துக்கு வந்து சிறகு விரிக்கின்றன. அதுவரை அமைதியாகக் கிடந்த மடுவில் அங்குமிங்கும் வட்ட வட்டமாக அலை எழத் தொடங்கும் அந்த நேரத்துக்காக நான் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறேன். 12 அல்லது 14ஆம் அளவு மிதக்கும் ஃப்ளை கொண்டுபோங்கள். ஆற்றின் சில பகுதிகளில் செயற்கை இரை மட்டுமே, பல் நசுக்கிய ஒரே முள் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பிடித்த மீனையும் விட்டுவிட வேண்டும். கரையில் உள்ள அறிவிப்புப் பலகைகளைக் கவனியுங்கள். கோடை முற்றி நீர் 20 பாகையை எட்டும் நாட்களில் ட்ரவுட்டைத் தொந்தரவு செய்யாதீர்கள். சூடேறிய நீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் குறைவு. போராடிக் களைத்த மீன் விட்டபின்பும் இறந்துவிடும்.

கேள்வி: என் கணவர் தனியாகத்தான் போகிறார். இடுப்பளவு நீரில் இறங்குவதாகச் சொல்கிறார். எனக்கு அச்சமாக இருக்கிறது. – வாசகி, ரொறன்ரோ

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது, இதை அவருக்கும் வாசித்துக் காட்டுங்கள். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. நேற்று முழங்காலில் எளிதாகக் கடந்த இடம் இன்று அதே ஆழத்தில் ஆளைச் சாய்த்துவிடும். ஏப்ரல் நீரில் விழுந்தால் முதலில் மூச்சுத் திணறும். சில நிமிடங்களில் விரல்கள் உணர்விழக்கும். சில ஆண்டுகளுக்கு முன் மார்ச் மாதக் கடைசியில், ஆழமில்லாத ஓரிடத்தில் பாசிக்கல்லில் வழுக்கி விழுந்தேன். எழுந்து கரையேறிய பின் வண்டிச் சாவியைத் துவாரத்தில் நுழைக்க என் கைகளால் முடியவில்லை. உலர்ந்த உடை வண்டிக்குள் இருந்தது. நான் வெளியே நின்றேன். அன்றிலிருந்து நான் தனியாக ஆற்றில் இறங்குவதில்லை.

நீர்புகா உடையின் மேல் இடுப்புப் பட்டியை இறுக்கிக் கட்ட வேண்டும். விழுந்தால் உடைக்குள் நீர் நிறைவதை அது தாமதப்படுத்தும். ஊன்றுகோல் ஒன்று கையில் இருக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் இறங்குவதானால் மிதவை அங்கி அணியட்டும். இந்தச் சிற்றாறுகளில் முழங்காலுக்கு மேல் இறங்கத் தேவையே பெரும்பாலும் இல்லை; மீன் பல நேரம் கரையிலிருந்து ஆறடிக்குள்தான் நிற்கிறது. நீர் திடீரென்று கலங்கினாலோ, சருகுகள் மிதந்து வரத் தொடங்கினாலோ, மேலே வெள்ளம் வருகிறது என்று கொண்டு உடனே கரையேற வேண்டும். போர்ட் ஹோப் நகரின் கடைவீதியையே கனராஸ்கா மூழ்கடித்தது 1980ஆம் ஆண்டின் மார்ச் மாதத்தில்தான்.

கேள்வி: நீரின் வெப்பநிலையை எந்த இடத்தில் அளப்பது? – வாசகர், போமன்வில்

பதில்: கரையோரத்துத் தேங்கிய நீரில் வேண்டாம், வெயில் பட்டு அது பொய் சொல்லும். ஓட்டம் உள்ள இடத்தில், நிழலில், வெப்பமானியை நூலில் கட்டி அடிவரை இறக்கி இரண்டு நிமிடம் விடுங்கள். வந்ததும் ஒரு முறை, நண்பகலில் ஒரு முறை அளந்து இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் இடையே இரண்டு பாகையாவது ஏறியிருந்தால் அன்று மாலை வரை இருங்கள்.